முந்தானைச் சாட்சி

நாகரிகம் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர், தங்களை ஊர் பார்க்கட்டும் என்று வந்தவர்கள். மீதிப் பாதி, அந்தக் கூட்டத்தில் நின்றால் தங்களுக்கும் நாகரிகம் ஒட்டிக்கொள்ளும் என்று வந்தவர்கள். படத்தைப் பார்க்க வந்தவர்களை எண்ணக் கெசியாவுக்கு ஒரு கை விரல்களே அதிகம்.

அது வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷத்து மார்கழி. பாளையங்கோட்டைக் கனவான்கள் சங்கம் ஒரு மண்டபத்தை மூன்று நாளைக்கு இரவல் வாங்கி, துணிமணி, ஓவியம், போட்டோ என்று மூன்று பகுதியாகக் கண்காட்சி வைத்திருந்தது. ஓவியப் பகுதியில் ஒரு வக்கீல் வரைந்த ஏழு வெள்ளைக்காரச் சீமாட்டிகள். ஏழு பேருக்கும் ஒரே மூக்கு. அது வக்கீலின் மூக்கு. போட்டோப் பகுதியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒன்பது பேர் ஒன்பது சட்டத்துக்குள் விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பது பேரும் போட்டிருந்தது ஒரே கோட்டு. மூன்றாவது பித்தான் பிய்ந்துபோன அந்தக் கோட்டு ஸ்டூடியோவின் சொத்து. படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அரைமணி நேரத்துக்கு மரியாதை இரவல் கொடுக்கும். மூன்று நாளாக ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது தானாகப் படவில்லை.

கெசியா கண்ணில் பட்டது. அவளுக்கு அதுதான் வேலை, அதுதான் விளையாட்டு. உடன்குடிப் பக்கம் பனையேறிப் பிழைத்த சுவிசேஷமுத்துவின் மகள் அவள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. மதராஸில் பி.ஏ. முடித்து, இப்போது பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். படிக்கிற காலத்தில் ஓவியக் கண்காட்சி என்றால் மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு ஓடுவாள். எந்த வருஷம் ரவிக்கைக் கை தோளில் உப்பியது, எந்த வருஷம் முழங்கைக்கு இறங்கியது என்று படம் வரைந்து வைத்த நோட்டு எப்போதும் பையில் இருக்கும். ஊரில் மூன்று களவுகளைப் போலீசுக்கு முன்னால் கண்டுபிடித்துக் கொடுத்தவள். அதனால் போலீசுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

இன்றைக்கு அவள் கருநீலச் சேலையைத் தோளில் புரூச் குத்தி, தானே பின்னிய லேஸ் வைத்த உப்புக்கை ரவிக்கை போட்டு வந்திருந்தாள். "பனையேறி மவளுக்கு உப்புக்கை கேக்குதோ?" என்று ஒரு கனவான் முதல் நாள் சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்தக் கனவானின் சட்டத்துக் கோட்டு இரவல் என்று அவள் சொன்ன பதில் ஊர் காதில் விழுந்தது.

"ஏ புள்ள! இங்கன நின்னு சட்டைக் கையைப் பாத்துக்கிட்டு இருக்கியா? அங்கன ஒரு மனுசனைச் செயிலுக்கு அனுப்பப் போறானுவ!"

மூச்சிரைக்க வந்து நின்றவள் ஜுபைதா பீவி. மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயசு. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரியும். ஆனால் வாயை எந்தத் துப்பட்டியாலும் மூட முடியாது. தலையில் துணிமூட்டையோடு ஊர் ஊராகப் போய், வீடுகளின் புறவாசல் வழியே நுழைந்து பெண்களுக்குச் சேலை விற்பவள். கெசியாவுக்குச் சேலை விற்க வந்து, விலை பேசியதில் தோற்று, அவள் துப்பறிதலுக்குக் கூட்டாளி ஆகிவிட்டாள். மேலப்பாளையத்தில் அக்காவைக் கூப்பிடுவதுபோல கெசியா அவளை 'லாத்தா' என்பாள்.

"யாரை லாத்தா?"

"ஸ்டூடியோ இஸ்ரவேலை. அந்தப் பன்னெண்டு படத்தையும் அவன் களவாண்டானாம்."

கெசியா நோட்டை மூடினாள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்க வேண்டியதில்லை. மண்டபத்தில் படம் என்று சொல்லத்தக்கவை அந்தப் பன்னிரண்டுதான். ஆற்றுப் படித்துறையில் துவைக்கிறவர்கள், முற்றத்தில் நெல் குத்துகிறவர்கள், ஈரத் தலையை வெயிலில் விரித்துக் காயவைக்கிறவர்கள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிற ஒருத்தி. எல்லாம் பெண்கள். ஒருத்தி முகத்திலும் படத்துக்காக வந்த விறைப்பு இல்லை. அடியில் எடுத்தவர் பேரும் இல்லை. கெசியா மூன்று நாளும் வந்தது அவற்றுக்காகத்தான்.

நேற்றுக் கலெக்டரின் துரைசானி வந்தாள். கனவான்களையும் வக்கீலின் மூக்கையும் ஒரே வீச்சில் கடந்து, அந்தப் பன்னிரண்டின் முன்னால் கால்மணி நேரம் நின்றாள். "பதக்கம் இதற்குத்தான். நாளை நாலு மணிக்கு நானே வந்து கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரன் இல்லை. பதக்கம் என்றதும் முளைத்துவிட்டான்.

"சேரன்மாதேவி சிவசண்முகம் பிள்ளை" என்றாள் ஜுபைதா. "எல்லாம் அவரு எடுத்ததாம். படம் எடுத்த கண்ணாடித் தட்டெல்லாம் அவரு வீட்டுலேருந்து களவு போச்சாம். இஸ்ரவேல் கடையில தேடுனாக. அவரு பேரெழுத்துப் போட்ட தட்டுப் பெட்டி அங்கன இருக்கு."

"இஸ்ரவேல் அண்ணன் என்ன சொல்லுதாரு?"

"களவாங்கலைன்னு மட்டும் சொல்லுதாரு. எப்படி வந்துதுன்னு கேட்டா, கல்லுப் பிள்ளையாரு தோத்துப்போவாரு."

"இப்ப மணி?"

"ஒண்ணரை. நாலு மணிக்குத் துரைசானி வந்ததும் அவ கையால பிள்ளைக்குப் பதக்கம், போலீசு கையால இஸ்ரவேலுக்கு விலங்கு. ரெண்டும் ஒரே மேடையில. கனவான்களுக்குச் சிக்கனம் தெரியும்லா?"

மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை. இஸ்ரவேல் மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாரம்மாள் சுவரோடு சுவராக நின்று அழுதுகொண்டிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் காசிலிங்கம் கெசியாவைக் கண்டதும் பல்லைக் கடித்தார். அவர் பக்கத்தில் நாற்காலி நிறையச் சிவசண்முகம் பிள்ளை. மல் வேட்டி, பட்டுக் கோட்டு, பித்தான் துளையில் ரோஜாப்பூ, வெள்ளிப்பூண் கம்பு. ரசனை என்பதைக் கடையில் வாங்கி உடம்பு பூராவும் தொங்கவிட்டிருந்தார்.

அவருக்கும் ஒரு படம் கண்காட்சியில் இருந்தது. வளர்ப்பு நாயை எடுத்தது. எடுக்கும்போது நாய் தலையை ஆட்டிவிட்டதால் படத்தில் மூன்று தலை. அதைப் பார்த்த கனவான்கள் 'தெய்வாம்சம்' என்றார்கள்.

"அண்ணே, தட்டை யாரு கொடுத்தா?" என்றாள் கெசியா.

"வாக்குக் கொடுத்திருக்கேன் தங்கச்சி" என்றார் இஸ்ரவேல். "பாக்க வேண்டிய படம்மா அது. கழுவி, அச்சுப்போட்டு, மாட்டினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

"பாத்தியளா, அவனே ஒத்துக்கிட்டான், தான் எடுக்கலைன்னு" என்றார் சிவசண்முகம். "எழுதுங்க இன்ஸ்பெக்டர்."

"இவரு சொல்லுததையும் எழுதுங்க" என்றாள் கெசியா. "பன்னெண்டும் நீங்க உங்க கையால எடுத்ததுதானா?"

"இல்லாம?"

"எங்க வச்சு?"

"எங்க ஊர்லதான். ஆத்தங்கரை, புறவாசல், அங்கன இங்கன."

"எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தீக?"

சிவசண்முகம் கம்பைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். இது அவருக்குப் பிடித்த கேள்வி. "கிட்டப் போயித்தான். ரெண்டு கஜம். அதுக்கு மேல போனா முகத்துல பாவம் வராது. கலைஞனுக்குக் கூச்சம் ஆகாது டீச்சரம்மா."

"அந்தப் பொம்பளைக யாரு?"

"யாரோ வேலைக்காரப் பெண்டுக. நில்லுன்னா நிக்கும், சிரின்னா சிரிக்கும்."

காசிலிங்கம் எழுதினார். ரெண்டு கஜம். வேலைக்காரப் பெண்டுகள். சிவசண்முகம் அடியில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு சுழியும் இழுத்தார்.

வெளியே வந்ததும் ஜுபைதா சொன்னாள்: "பொய்யிலயும் ஒரு நேர்த்தி வேணும் புள்ள. ஆத்தங்கரையில ரெண்டு கஜத்துல நின்னா, மொதல்ல துவைக்கிற கல்லு பறந்து வரும்."

கெசியா நின்றாள். "திரும்பச் சொல்லுங்க லாத்தா."

"நான் ஒண்ணும் சொல்லலை" என்று ஜுபைதா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது அபூர்வம். கெசியா அதையும் மனசில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு மணி அடித்தது. இரண்டிலிருந்து மூன்று வரை பெண்கள் நேரம். ஆண்கள் எல்லாரையும் வெளியே தள்ளி, ஜன்னல்களுக்குப் படுதா போட்டார்கள். வாசலில் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த கூண்டு வண்டிகள் திறந்தன. மூன்று நாள் கண்காட்சியில் வீட்டுப் படி தாண்டாத பெண்களுக்குப் பங்கு இந்த ஒரு மணி நேரம். அதற்கும் கனவான்கள் பேச்சில் தங்கள் பெருந்தன்மையைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து இரண்டு வண்டி வந்திருந்தது. சைவ வேளாளர் தெருப் பெண்கள், பட்டும் வைரமுமாக இறங்கினார்கள். முன்னால் வந்தவள் பார்வதியம்மாள். சங்கத் தலைவர் ஆவுடைநாயகம் பிள்ளையின் மனைவி, நாற்பத்தைந்து வயசு. அவர்கள் துணிப் பகுதியை ஒரு பார்வையில் முடித்தார்கள். வக்கீலின் மூக்குகளைக் கண்டு சிரித்தார்கள். பன்னிரண்டு படங்களுக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நெருங்கினார்கள். அப்புறம் கூரை பறந்தது.

"எளா, இது நீதாம்ளா!"

"ஐயையோ, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு! மானம் போச்சு!"

"என்னா அழகா இருக்கேன் பாருங்க மைனி!"

கெசியா படத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று நாளாகத் தான் பார்த்த முகங்கள். மூன்று நாளாக இவர்களின் புருஷன்மார் இதே படங்களுக்கு முன்னால் வெற்றிலை மென்றுகொண்டு நின்று, 'இயற்கை லாவண்யம்' என்று பேசிவிட்டுப் போனார்கள். வேலைக்காரப் பெண்டுகள்! பட்டையும் நகையையும் உருவிவிட்டால், கட்டின பெண்டாட்டி எவள், நெல் குத்துகிறவள் எவள் என்று தெரியாத கண்கள். அந்தக் கண்களுக்குக் கண்காட்சி ஒரு கேடு.

அப்போது பக்கக் கதவைத் திறந்துகொண்டு மண்டபக் காவலாள் சுடலைக்கண்ணு தண்ணீர்த் தவலையோடு நுழைந்தான். எழுபது வயசுக் கிழவன், அரைப் பார்வை. அவ்வளவுதான், இருபது பெண்களின் கைகள் ஒன்றாக எழுந்தன. இருபது முந்தானைகள் இரண்டு தோளையும் சுற்றி இறங்கின. சிரிப்பு நின்றது. தலைகள் குனிந்தன. கிழவன் தவலையை வைத்துவிட்டுப் போனதும் முந்தானைகள் தளர்ந்து, பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவர்களே அதைக் கவனிக்கவில்லை. மூச்சு விடுவதுபோல நடந்து முடிந்தது.

கெசியா படங்களுக்குத் திரும்பினாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டு படத்திலும், ஒருத்தி விடாமல், முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. கிழவிகள் இரண்டு பேர் உடம்பில் ரவிக்கைகூட இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அரைக்குருட்டுக் கிழவன் இருபது கஜத்தில் வந்தாலே போர்த்துகிறவர்கள், ரெண்டு கஜத்தில்!

"லாத்தா, இதை எடுத்தது பொம்பளை."

"அல்லா" என்றாள் ஜுபைதா, கூரையைப் பார்த்துக்கொண்டு. "பி.ஏ. படிச்சா இவ்வளவு நேரம் ஆவும்போல."

கெசியா வாசலுக்கு ஓடினாள். அங்கே சாரம்மாள் நின்றிருந்தாள். "அக்கா, உள்ளதைச் சொல்லுங்க. அண்ணன் வாக்குக் கொடுத்தது உங்களுக்கா? நீங்க எடுத்தீகளா?"

சாரம்மாள் கண்ணைத் துடைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்ல இருக்கே கெசியா? அந்தத் தெருவுல நம்மளை நடையைத் தாண்ட விடுவாகளா? அடுக்களைப் புறவாசல் வரைக்கும் கேமராவைத் தூக்கிட்டுப் போயி, அவுக பொம்பளைகளை நில்லுங்க சிரிங்கன்னு சொல்லுவேனா? தெருமுனையிலேயே சாணியைக் கரைச்சு ஊத்திருவாவ."

கெசியாவுக்குக் காது சுட்டது. படித்த படிப்பு ஒரு நிமிஷம் தெருவையே மறக்கவைத்துவிட்டது. எடுத்தவள் அந்தத் தெருவுக்கு உள்ளே இருப்பவள். திரும்பி வந்தாள்.

"அந்தத் தெருவுல எத்தனை வீடு லாத்தா?"

"ஏழு."

"படத்துல எத்தனை வீட்டுப் பொம்பளைக?"

"எனக்குச் சேலை கணக்குத்தான் வரும். நீயே எண்ணு."

பெண்களின் பேச்சை வைத்து எண்ணினாள். ஆறு வீடு இருந்தது. ஏழாவது வீட்டுக்காரி எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் மண்டபத்தில் இருந்தாள். மற்றவர்கள் கண்ணாடியில் மூக்கு இடிக்க நெருங்கி நிற்கையில், இருபத்துமூன்று வயசுக்காரி ஒருத்தி மட்டும் ஆறடி தள்ளி நின்றாள். படுதா இடுக்கிலிருந்து வந்த வெளிச்சம் கண்ணாடிச் சட்டத்தில் பட்டுக் கூசியது. அவள் அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாள், கூச்சம் விலகியது. பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அது படம் தெரிந்தவளின் நகர்வு. மூன்று நாளில் கெசியாவைத் தவிர வேறு யாரும் அப்படி நகரவில்லை.

"வடிவம்மாள்" என்றாள் ஜுபைதா, கேட்காமலே. "சிவசண்முகம் பிள்ளை சம்சாரம்." மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

கெசியா அவள் அருகே போகவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டால் பதில் ஊருக்குள் ஓடும். புருஷன் காதுக்குப் போனால் அவள் கதி என்ன? கேட்காவிட்டால் இஸ்ரவேல் கைக்கு விலங்கு. அவள் நேராகப் பார்வதியம்மாளிடம் போனாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். எடுத்தவள் பேரை மட்டும் இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை.

"உங்க படத்தை வச்சு உங்க வீட்டு அண்ணாச்சிகிட்ட நான் பேச வேண்டி வரும்" என்றாள். "வேண்டாம்னா வேற வழி பாக்கேன்."

பார்வதியம்மாள் குடம் வைத்துச் சிரிக்கிற தன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவுக மூணு நாளா இதைப் பாத்தாகளா?"

"தினமும்."

"என்னைத் தெரியலையா?"

"தெரியலை."

"முப்பது வருசம்" என்றாள் பார்வதியம்மாள். "பேசு தாயி. நல்லாப் பேசு."

மூன்று மணிக்குப் பெண்கள் வண்டிக்குத் திரும்பினார்கள். மூன்றரைக்கு, படங்களின் முன்னால் ஐந்து பேர் நின்றார்கள்: கெசியா, ஜுபைதா, காசிலிங்கம், சிவசண்முகம், சங்கத் தலைவர் ஆவுடைநாயகம் பிள்ளை. தலைவருக்குத் தங்கச் சங்கிலிக் கடிகாரம். நிமிஷத்துக்கு ஒரு தரம் அதை எடுத்துப் பார்த்தார்.

"துரைசானி வார நேரம். என்ன டீச்சர், சீக்கிரம்."

"ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி. இந்தப் படத்தைப் பாருங்க. இவ யாருன்னு தெரியுதா?"

ஆவுடைநாயகம் எட்டிப் பார்த்தார். "யாரோ தண்ணி சுமக்கிறவ. நல்ல லட்சணம்."

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகத்தைப் பார்த்தார்; ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பைப் பார்த்தார்; ஒன்றும் ஆகவில்லை. இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்துக்கு வந்ததும் அவர் முகம் வெளுத்தது. குடத்தின் கழுத்தில் உளியால் வெட்டிய எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஆ. நா.

"இது... இது என் குடம்லா!"

முப்பது வருஷப் பெண்டாட்டியைத் தெரியவில்லை. குடத்தைத் தெரிந்தது. ஜுபைதா துப்பட்டியை வாயில் திணித்துக்கொண்டாள்.

"குடம் உங்களுதுன்னா, அதை வச்சிருக்கது?" என்றாள் கெசியா.

ஆவுடைநாயகம் மெல்ல மேலே பார்த்தார். இப்போது தெரிந்தது. அடுத்த படத்தைப் பார்த்தார். அது அவர் தம்பி மனைவி. அதற்கடுத்தது, அவருடைய தாயார்.

"இன்ஸ்பெக்டர், புகாரை வாசிங்க" என்றாள் கெசியா. "சத்தமா வேண்டாம். அண்ணாச்சிக்குக் கேட்டாப் போதும்."

காசிலிங்கம் வாசித்தார். பன்னிரண்டும் என் கையால் எடுத்தவை. ரெண்டு கஜ தூரத்தில் நின்று எடுத்தேன். கலைஞனுக்குக் கூச்சம்...

"ஏலே!" ஆவுடைநாயகத்தின் கடிகாரம் சங்கிலியோடு ஊசலாடியது. "என் வீட்டுப் புறவாசல்ல, எங்க ஆத்தா முன்னால, ரெண்டு கஜத்துல நின்னியால?"

"மாமா! இல்ல மாமா! நான் எங்க... அது வந்து..."

"கையெழுத்துப் போட்டிருக்கியேலே! கீழ சுழி வேற!"

"நான் எடுக்கல மாமா! சத்தியமா எடுக்கல! வேலைக்காரப் பெண்டுகன்னுதான் நெனச்சேன், பதக்கம்னு சொன்னதும் ஒரு இதுல சொல்லிட்டேன்..."

"அப்போ இவன் எடுத்திருக்கான்!" ஆவுடைநாயகம் பின்னறைப் பக்கம் திரும்பினார். "அந்த ஸ்டூடியோக்காரன் எங்க வீட்டுப் புறவாசலுக்குள்ள..."

கெசியா விரித்த வலை இஸ்ரவேல் பக்கமே சாய்ந்தது. களவுக்கு விலங்கோடு போகும். இதற்கு ஆளையே உயிரோடு விட மாட்டார்கள்.

"அண்ணாச்சி" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "உங்க வீட்டு அம்மா அந்நிய ஆம்பளை முன்னால முந்தானையை இடுப்புல செருகிட்டு, இப்படிப் பல்லைக் காட்டிச் சிரிப்பாகளா?"

"வாயை அளந்து பேசு! எந்தம்பி வந்தாக்கூட அவ போத்திக்கிட்டு உள்ள போயிருவா!"

"உங்க ஆத்தா?"

"டீச்சர்!"

"அப்போ இதை எடுத்தது ஆம்பளையா, பொம்பளையா? நான் சொல்லலை. நீங்க சொல்லுங்க."

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். ஆம்பளை என்றால் குடும்ப மானம் போச்சு. அவருக்கு ஒரே ஒரு பதில்தான் மிச்சம்.

"பொம்பளைதான்" என்றார். பிறகு, தன் மானத்துக்காகத் தானே வழக்காடினார்: "பொம்பளையேதான்! சந்தேகமே இல்ல! எந்த ஆம்பளையும் அங்கன நிக்க முடியாது! எழுதும்வே இன்ஸ்பெக்டர்!"

"எந்தப் பொம்பளை?" என்றார் காசிலிங்கம், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.

"அது எதுக்கு உமக்கு?" என்று ஆவுடைநாயகம் சீறினார். "தெருப் பொம்பளைக பேரைப் போலீசு நோட்டுல ஏத்தணுமோ?"

கெசியா குறுக்கே போகவில்லை. அவர் நன்றாகவே செய்துகொண்டிருந்தார்.

சிவசண்முகம் இரண்டாவது தடவை கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு படங்களையும் நான் எடுக்கவில்லை. அந்தத் தட்டுகளில் எனக்குப் பாத்தியதை இல்லை. இஸ்ரவேல் பேரில் புகார் இல்லை. சாட்சி ஆவுடைநாயகம் பிள்ளை, சாட்சி கெசியா, பி.ஏ. இந்தத் தடவை சுழி இல்லை. தன் பெட்டி எப்படி அந்தக் கடைக்குப் போனது என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"படத்தையெல்லாம் கழட்டு" என்றார் ஆவுடைநாயகம்.

"கழட்டுங்க" என்றாள் கெசியா. "துரைசானி வந்து ஏன்னு கேப்பா. ஊரு கேக்கும். நீங்க காரணம் சொல்லணும். இப்ப வரைக்கும் உங்க ரெண்டு பேரைத் தவிர அந்தத் தெரு ஆம்பளைக ஒருத்தருக்கும் தெரியாது. மூணு நாளாத் தெரியாதவங்களுக்கு இன்னும் அரைமணி நேரத்துல தெரிஞ்சிறவா போவுது?"

ஆவுடைநாயகம் யோசித்தார். பிறகு மேடையிலிருந்த பூச்சாடியைத் தன் கையாலேயே தூக்கிவந்து, குடத்தை மறைத்து வைத்தார். மனைவியின் முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

நாலு மணிக்குத் துரைசானி வந்தாள். எடுத்தவர் பேரைச் சொல்ல யாரும் முன்வரவில்லை என்று கேட்டு, கனவான்களைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அருவருப்பு இருந்தது. பதக்கத்தை இஸ்ரவேல் கையில் கொடுத்து, உரியவரிடம் சேர்க்கச் சொன்னாள். அந்தக் கையில் விலங்கு இல்லை. சாரம்மாள் அந்தக் கையைப் பிடித்தவள் வீடு போகும்வரை விடவில்லை.

வாசலில் வண்டிகளுக்குப் போகும் வழியில் கெசியா கேட்டாள்: "கண்ணாடித் தட்டு லாத்தா. சேரன்மாதேவியிலேருந்து பாளையங்கோட்டைக்கு ஒண்ணுகூட உடையாம வந்திருக்கு. ஒரு தட்டுக்கு எத்தனை சேலை சுத்தினீக?"

ஜுபைதா நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் சிரித்துவிட்டாள். "ரெண்டு. எந்தப் பாவி சொன்னா?"

"அந்தப் புறவாசலுக்கும் போயி, இஸ்ரவேல் கடைக்கும் போற மூட்டை ஊருல ஒண்ணுதான் இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"குர்ஆன் மேல கையை வச்சு அந்தப் புள்ளைக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், வாயால சொல்ல மாட்டேன்னு. உன்னைக் கூட்டியாற மாட்டேன்னு சத்தியம் பண்ணலையே. அதான் ஓடியாந்தேன்."

கடைசி வண்டியின் படுதாவுக்குப் பின்னால் ஒரு குரல் காத்திருந்தது. "இஸ்ரவேல் அண்ணன் வீட்டுக்குப் போயாச்சா?"

"போயாச்சு" என்றாள் கெசியா.

"என்னால அவுகளுக்கு... காலையிலேருந்து வண்டிக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன். நாலு மணி வரைக்கும் பாத்துட்டு, நானே உள்ள வந்து சொல்லிரலாம்னு." குரல் தணிந்தது. "எங்க வீட்டுல அவுக என்ன சொன்னாக?"

"நான் எடுக்கலைன்னாக."

"வாயாலயா?"

"எழுத்துல. ரெண்டு சாட்சி. தட்டுல பாத்தியதை இல்லைன்னும் எழுதியிருக்கு."

"மூணு வருசம் கேமராவோட கறுப்புத் துணியைப் பிடிச்சுக்கிட்டும் தட்டை எடுத்துக் கொடுத்துக்கிட்டும் பக்கத்துல நின்னேன்" என்றாள் வடிவம்மாள். "நாய் நிக்கலைன்னு என்னைய ஏசுவாக. அவுக திருநெல்வேலி போற நாளெல்லாம் நான் எடுத்தேன். பாத்தா, அதையும் அவுக பேருல சேத்துக்குவாகன்னு பயந்தேன். இனிமே முடியாதுல்லா?"

"கோர்ட்டுக்குப் போனாலும் முடியாது."

"அது போதும்." படுதா விலகவில்லை, ஆனால் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "பீவிக்கா, பதக்கத்தை வெள்ளிக்கிழமை சேலையோட கொண்டு வாங்க. இன்னும் நாலு தட்டு இருக்கு, திரும்பையில தூக்கிட்டுப் போவலாம்."

கம்புச் சத்தம் கேட்டது. சிவசண்முகம் பிள்ளை வந்துகொண்டிருந்தார். பித்தான் துளையில் ரோஜா தொங்கிப்போயிருந்தது. கெசியாவையும் ஜுபைதாவையும் பார்க்காததுபோலக் கடந்து, வண்டிக்குள் ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்ன, படமெல்லாம் பாத்தியா?" உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"பாத்தேன்."

"பாத்து என்னத்துக்கு. போட்டோன்னா லேசுப்பட்ட காரியமா? உனக்கெங்க அதெல்லாம் வெளங்கப் போவுது."

"வெளங்காதுதான்" என்றாள் வடிவம்மாள். "வண்டியை ஓட்டச் சொல்லுங்க, வெளிச்சம் போவுது."